புறப்பாட்டுக்கு முந்தைய நாழிகை

திருக்கோயில்களில் உற்சவ மூர்த்தி வீதியுலாவுக்கு எழுந்தருளுவதைப் ‘புறப்பாடு’ என்று சொல்வது தொன்றுதொட்ட வழக்கு. திரை விலகுகிறது, தீபாராதனை நடக்கிறது, நாகசுரத்தில் மல்லாரி எழுகிறது, ஸ்ரீபாதம் தாங்கிகளின் தோளில் பல்லக்கு மெல்ல உயர்கிறது. பக்தர்கள் கண்டு மகிழ்வது இதனையே. ஆயின் அதற்கு முந்தைய ஒரு நாழிகை, பெரிய தலங்களில் இரண்டு மூன்று மணி நேரம்கூட, மண்டபத்தின் ஓரங்களில் நடந்தேறும் காரியங்களைக் காண்பவர் சிலரே.

திரைக்கு அப்பால் சாத்துப்படி நடந்துகொண்டிருக்கும். அது எவர் கண்ணிலும் படலாகாது, அதுவே முறை. திரைக்கு இப்பால் நடப்பதற்கு அத்தகைய மறைவு ஏதும் இல்லை. வாகனத்தின் அடியில் தண்டுகளைச் செருகி, கயிற்றால் வரிந்து கட்டி, முடிச்சின் மேல் காலை ஊன்றி இழுத்துப் பார்ப்பார் ஒரு முதியவர். தீவட்டிக்குத் துணி சுற்றி எண்ணெயில் ஊறவைத்திருப்பார் இன்னொருவர். குடை பிடிப்பவர் குடையை ஒருமுறை விரித்து, ஜாலர் சிக்கின்றித் தொங்குகிறதா என்று பார்த்து மடக்குவார். நாகசுரக் கலைஞர் சீவாளியை வாயில் ஈரப்படுத்திக்கொண்டிருப்பார். தவில்காரர் விரல்களில் கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டுவார். மின்விளக்கு வண்டியின் ஜெனரேட்டர் கிளம்ப மறுத்து, அதனைச் சுற்றி நான்கு பேர் கவலையுடன் நிற்பதும் உண்டு. தோளில் பாரம் ஏறப்போகிறவர்கள் மடித்த துண்டைத் தோளில் இட்டு, உயரத்துக்குத் தக்கபடி முன்னும் பின்னும் இடம் மாறி நின்று, தண்டு சமமாக அமையுமா என்று கண்ணாலேயே அளந்துகொள்வார்கள்.

உற்சவ காலங்களில் எடுக்கப்படும் படங்களில் இந்த நாழிகை இடம்பெறுவது அரிது. எடுக்கப்படுபவை அனைத்தும் எம்பெருமானும் அம்பாளும் எழுந்தருளிய பின் எடுத்தவை. அவற்றில் தவறில்லை. ஆனால் ஓர் உற்சவத்துக்கு ஆயிரம் படங்கள் எடுக்கப்பட்டும், அந்த முடிச்சைப் போட்டவரின் கைக்கு ஒரு படமும் இல்லாமற்போவது இழப்புத்தான். அந்த முடிச்சு எந்த நூலிலும் எழுதப்படவில்லை. தகப்பன் கையைப் பார்த்து மகன் கற்றது. மகன் வெளியூர் வேலைக்குச் சென்றுவிட்ட ஊர்களில், வாகனத்தைச் சக்கரம் பூட்டிய வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போகும் வழக்கம் வந்துவிட்டது. தோள் கொடுக்க ஆளில்லாத ஊரில் அதனைக் குறை சொல்லவும் இயலாது.

தமிழகத் திருக்கோயில்களை முதன்முதலில் விரிவாகப் படம் எடுத்தவர்களுள் ஒருவர் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேய ராணுவ அதிகாரி. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858 ஆம் ஆண்டில் மதுரை, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர் முதலிய தலங்களில் அவர் எடுத்த படங்கள் இன்றும் போற்றிப் பாதுகாக்கப்படுகின்றன. தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு அவர் அமைத்த பதிவு வியப்பூட்டுவது. அவருடைய படங்களில் தூண்களும் மண்டபங்களும் துல்லியமாகத் தெரிகின்றன. மனிதர்களைக் காண்பதோ அரிது. காகிதத்தில் எதிர்ப்படம் பதியும் அக்கால முறைக்கு நெடுநேரம் வெளிச்சம் வேண்டியிருந்தது. நடப்பவர் எவரும் அதில் பதியமாட்டார். எனவே நூற்றறுபது ஆண்டுகளுக்கு முந்தைய மதுரையின் கல் எப்படி இருந்தது என்பது தெரிகிறது. அந்தக் கல்லின் மேல் அமர்ந்து பூத்தொடுத்தவர் யார் என்பது தெரியவில்லை.

இன்றைய கருவிக்கு அந்தத் தடை இல்லை. கண்ணிமைக்கும் நேரத்தில், குறைந்த வெளிச்சத்திலும் படம் பதிகிறது. தடை வேறிடத்தில் இருக்கிறது. அது தேவையான தடையும்கூட. திருச்செந்தூர் திருக்கோயில் தொடர்பான வழக்கில், தமிழகத் திருக்கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. சந்நிதியில் நின்று கூப்ப வேண்டிய கைகள் கைபேசியை ஏந்தி நின்ற காட்சியைக் கண்டு மனம் வருந்திய பெரியவர்களுக்கு அந்த உத்தரவு ஆறுதலாகவே இருந்தது. மூலவரைப் படம் எடுப்பதும், திருமஞ்சனத்தையும் சாத்துப்படியையும் படம் எடுப்பதும் எக்காலத்தும் கூடாதவை. இதில் விவாதத்துக்கு இடமில்லை.

ஆயினும் படம் என்பதே கோயிலுக்குப் பகை என்று கொள்ளவும் இயலாது. தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள ஆனந்தமங்கலம் ராஜகோபால சுவாமி திருக்கோயிலிலிருந்து ஸ்ரீராமர், சீதாப் பிராட்டி, லட்சுமணர் விக்கிரகங்கள் 1978 ஆம் ஆண்டு களவு போயின. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவை இங்கிலாந்தில் இருப்பது கண்டறியப்பட்டு, 2020 ஆம் ஆண்டு லண்டனில் இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அவை இந்தக் கோயிலின் மூர்த்திகளே என்று நிறுவ உதவியவை புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1958 ஆம் ஆண்டில் எடுத்து வைத்திருந்த படங்கள். களவு நடப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், இப்படியொரு நாள் வரும் என்று எவரும் எண்ணாத காலத்தில், யாரோ ஒருவர் கருவியைத் தூக்கிக்கொண்டு அந்தச் சிற்றூருக்குச் சென்றதனால் எம்பெருமான் திரும்பி எழுந்தருளினார்.

இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. பட்டும் மாலையும் கவசமும் சாத்திய கோலத்தில் எடுத்த படம் பூஜையறைக்கு ஏற்றது. அடையாளம் காட்டுவதற்கு அது பயன்படாது. திருமேனியின் அமைப்பு, பீடத்தின் வடிவம், ஆயுதங்களின் நிலை ஆகியவை தெரிந்தால்தான் ஒப்பிட முடியும். அத்தகைய படத்தை அலங்காரத்துக்கு முந்தைய வேளையில்தான் எடுக்க இயலும். அது பக்தர்கள் எடுக்க வேண்டிய படம் அன்று. உரியவர்களின் அனுமதியுடன், குருக்கள் அல்லது பட்டர் முன்னிலையில், கோயில் நிர்வாகமே பதிவுக்காக எடுத்து, எடுத்த நாளைக் குறித்து, பூட்டி வைக்க வேண்டியது. நகைகளுக்குப் பதிவேடு இருப்பதைப் போலவே இதுவும் ஒரு பதிவேடு. சிற்றூர்க் கோயில்களில் இந்தப் பதிவு இருக்கிறதா என்று அறங்காவலர்களை ஊர்ப் பெரியவர்கள் ஒருமுறை கேட்டால் நலம்.

திருவிழாக்களில் முந்தைய நாழிகைக்கே தனிச் சிறப்பு உள்ள தலங்கள் பல. சித்திரைத் திருவிழாவுக்காக அழகர்மலையிலிருந்து கள்ளழகர் புறப்படும்போது பதினெட்டாம்படிக் கருப்பணசாமியிடம் விடைபெற்றே மதுரை நோக்கி எழுந்தருளுகிறார். வைகையில் இறங்குவதற்கு முன் தல்லாகுளத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் களைந்த மாலையை ஏற்கிறார். தங்கக் குதிரை வாகனம் காத்திருக்கிறது. எந்த நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்கப் போகிறார் என்பதற்காக லட்சக்கணக்கானோர் காத்திருக்கிறார்கள். பெட்டிக்குள் பாராமலே கையை விட்டு எடுக்கும் பட்டு எதுவோ அதுவே அவ்வாண்டுக்குரியது என்பது மரபு. பச்சைப் பட்டானால் நாடு செழிக்கும் என்பது மக்களின் நம்பிக்கை. ஆற்றில் இறங்கும் அந்தக் கணத்தைப் படம் பிடிக்காத நாளிதழ் இல்லை. இரவு முழுவதும் ஆற்று மணலில் விழித்திருந்து, தோல் பையில் நீர் நிரப்பி, குழலைச் சரிபார்த்துக்கொண்டு நீர் பீய்ச்சக் காத்திருக்கும் அடியாரின் முகம் அந்தப் படங்களில் இல்லை.

திருவாரூர் ஆழித்தேர் அலங்காரம் பூண்ட நிலையில் சுமார் 96 அடி உயரமும் சுமார் 300 டன் எடையும் கொண்டது என்பர். அது அசையும் கணத்தில் எழும் ‘ஆரூரா, தியாகேசா’ முழக்கம் நெஞ்சை நடுக்கும். தேர் அசைவதற்கு முன், சக்கரத்தருகே முட்டுக்கட்டையைக் கையில் பிடித்துக் குனிந்து நிற்பவரைப் பாருங்கள். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அந்தக் கட்டைதான். இன்று விசைத்தடைகள் வந்துவிட்டன. எனினும் முட்டுக்கட்டைக்காரரின் கண் சக்கரத்தை விட்டு அகல்வதில்லை. கோபுரத்தை நோக்கி ஆயிரம் கைபேசிகள் உயர்ந்திருக்கும் வேளையில் அவர் ஒருவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாட வீதிகளில் படம் எடுப்பதற்குக் கோயிலுக்குள் உள்ள தடை இல்லை. அதனால் அங்கே வேறொரு கேடு நேர்கிறது. பல்லக்குக்கு முன்னால் கைபேசியை உயர்த்திக்கொண்டு பின்புறமாகவே நடக்கும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். தோளில் பாரம் தாங்கி வருவோருக்குத் தம் கால் வைக்கும் இடம்கூடச் சரியாகத் தெரியாது. முன்னால் ஒருவர் தடுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வீதியில் நின்று படம் எடுக்க விரும்பும் பேரப்பிள்ளைகளைச் சற்று வேறு பக்கம் திருப்பிவிடலாம். சுவாமி வருவதற்கு அரை மணி முன்பாக அந்த வீதி எப்படி இருக்கிறது? வாசல் தெளித்து மாக்கோலம் இட்டு, அதற்குச் செம்மண் கரை கட்டி, தேங்காய் பழத் தட்டுடன் ஒவ்வொரு வீட்டிலும் ஆயத்தமாக நிற்கிறார்கள். நடக்க இயலாத மூதாட்டியை நாற்காலியோடு தூக்கி வந்து வாசலில் அமர்த்துகிறார்கள். அவர் தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மேளச் சத்தம் கேட்கிறது, இன்னும் திரும்பவில்லை. மயிலையில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று மாட வீதிகளில் இந்த முகங்கள் ஏராளம். சுவாமியைப் படம் எடுக்க ஊரே இருக்கிறது. அந்த மூதாட்டியை எடுக்க அவருடைய பேரன் ஒருவன்தான் உண்டு.

இல்லங்களிலும் புறப்பாடு உண்டு. சபரிமலைக்கு இருமுடி கட்டும் நாளை எடுத்துக்கொள்ளலாம். தேங்காயின் கண்ணைத் திறந்து இளநீரை வடித்து, குருசாமி சரணம் சொல்ல, நெய்யை மெல்ல வார்த்து, தக்கையால் அடைக்கிறார்கள். முன்முடியில் ஐயனுக்குரிய பொருள்கள். பின்முடியில் வழிக்கு வேண்டியவை. வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரும் வந்து கைப்பிடி அரிசி இடுகிறார்கள். மூத்தவர் இடும்போது கை நடுங்கி இரண்டு அரிசி பாயில் சிந்தும். பிறகு இருமுடி தலையேறுகிறது. வாசலில் சிதறுகாய் உடைகிறது. ‘போய் வருகிறேன்’ என்று சொல்லாமல், திரும்பிப் பாராமல் புறப்பட வேண்டும் என்பது நியமம். பெரும்பாலான வீடுகளில் இருமுடி தலையேறிய பிறகு வரிசையாக நிற்கவைத்து ஒரு படம் எடுப்பார்கள். அரிசி இடும் கையை எடுத்திருந்தால் அது பன்மடங்கு அருமையானதாக இருந்திருக்கும்.

தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து பழநிக்கு நடந்து செல்லும் நகரத்தார் காவடிக் கூட்டத்திலும், ஆடி மாதத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வேன் அமர்த்திப் புறப்படும் குடும்பங்களிலும் இதுவே நிலை. வீட்டிலிருந்து கிளம்பும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் ஒவ்வொருவரின் இயல்பும் வெளிப்படுகிறது. நாட்காட்டித் தாளில் ராகு காலம் பார்ப்பவர் ஒருவர். அர்ச்சனைத் தட்டுக்கும் உண்டியலுக்கும் என்று பத்து ரூபாய் நாணயங்களைத் தனித்தனியே முடிந்துவைத்துக்கொள்பவர் ஒருவர். எரிவாயு உருளையை மூடியாயிற்றா என்று மூன்றாம் முறையாகச் சமையலறைக்குள் போகிறார் வீட்டு அம்மாள். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டே வீடெங்கும் தேடுகிறார் அவருடைய கணவர். பூட்டை இழுத்துப் பார்த்த பிறகும் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவர் இல்லாத குடும்பம் உண்டா?

கோயில் வாசலில் எடுத்த படத்தில் இவை எவையும் இருப்பதில்லை. வெயிலில் கண் கூச, கோபுரத்துக்கு முன் விறைத்து நிற்கிறார்கள். கோபுரமும் முழுமையாக விழுவதில்லை, முகமும் தெரிவதில்லை.

முற்காலத்தில் பெரியவர்கள் படம் எடுத்துக்கொள்ளவே தயங்கினார்கள். படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்றார்கள்; மூவராக நின்று எடுக்கக் கூடாது என்றார்கள். அதன் விளைவு வீட்டில் ஒருவர் மறைந்த பிறகுதான் தெரிந்தது. சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று தேடினால், திருமணக் கூட்டத்தின் பின்வரிசையில் பாதி மறைந்த முகம் ஒன்று கிடைக்கும். அல்லது வாக்காளர் அட்டையில் உள்ள மங்கலான முகத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு மாலை சாத்துவார்கள். தம்பதியாக எடுத்த படம் வேண்டும் என்றால், ஓய்வூதியத்துக்காக ஸ்டுடியோவில் எடுத்து விண்ணப்பத்தில் ஒட்டியது ஒன்றுதான் பல வீடுகளில் இருக்கும். அறுபது ஆண்டு இல்லறத்துக்கு அந்த ஒரு படம். அதிலும் இருவரும் சிரித்திருக்கமாட்டார்கள். ஸ்டுடியோக்காரர் அசையாதீர்கள் என்று சொல்லியிருப்பார்.

இப்போது ஒவ்வொரு கைபேசியிலும் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதி உணவுத் தட்டும் பூனைக்குட்டியும். பெரியவர்கள் அந்தப் படங்களில் இல்லாததற்கு அவர்களே காரணம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். “தாத்தா, இங்கே பாருங்கள்” என்று பேத்தி கருவியைத் தூக்கினால், “சட்டையை மாற்றிக்கொண்டு வருகிறேன், இரும்மா” என்று உள்ளே போய்விடுகிறார். அவர் மாற்றிக்கொண்டு வருவதற்குள் பேத்திக்குப் பேருந்து வந்துவிடுகிறது. மாற்றாத சட்டையோடு, திருநீற்றுச் சம்புடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற கோலமே அந்தக் குழந்தைக்கு வேண்டியிருந்தது.

பிரான்ஸ் நாட்டின் ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் புகைப்படக் கலையில் தலைசிறந்தவராகக் கருதப்படுபவர். எவரையும் நிற்கவைத்து எடுப்பதைவிட, வாழ்க்கை நடக்கும் போக்கில் உரிய கணத்துக்குக் காத்திருந்து எடுப்பதே அவருடைய முறை. அவர் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். பகவான் ரமண மகரிஷியின் திருமேனியை நோய் வாட்டிய இறுதி நாட்கள் அவை. அந்நாட்களில் மகரிஷியை அவர் படம் எடுத்தார். ஏப்ரல் 14 ஆம் நாள் இரவு 8 மணி 47 நிமிடத்துக்கு மகரிஷி மகாசமாதி அடைந்த வேளையில், ஒளிமிக்க விண்மீன் ஒன்று வானில் மெல்ல நகர்ந்து அருணாசல மலையின் பின்னே மறைந்ததைக் கண்டவர்களுள் அவரும் ஒருவர். அந்த விண்மீனை அவர் படம் எடுக்கவில்லை. அதற்கு முந்தைய நாட்களில் எடுத்தவை இருக்கின்றன. ஆசிரமத்துக்குச் செல்லாதவர்களும் அவற்றின் வழியாக அந்த மெலிந்த முகத்தையும் கண்களையும் தரிசிக்கிறார்கள்.

இத்தகைய படத்துக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. காலை வேளையில் வீட்டு வாசல் நிலைப்படி அருகே விழும் வெளிச்சமே போதும். எடுப்பவர் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி, சற்றே ஒதுங்கி நிற்க வேண்டும்; மின்னொளியை நிறுத்திவிட வேண்டும். ‘இங்கே பாருங்கள், சிரியுங்கள்’ என்று சொன்ன மாத்திரத்தில் அந்தக் கணம் போய்விடும். பாட்டி பூக்கூடையில் ஈரத்துணி போர்த்துகிறாரா, தாத்தா செருப்பைத் தேடிக் குனிகிறாரா, அவரவர் காரியத்தை அவரவர் பார்க்கட்டும். ஆனால் உடை திருத்தும் நேரத்திலும், வலியில் முகம் சுளிக்கும் நேரத்திலும் எடுத்தலாகாது. எடுத்ததை முதலில் அவர்களிடமே காட்ட வேண்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அழித்துவிட வேண்டும். கேளாமல் உறவினர் குழுவுக்கெல்லாம் அனுப்பிவிடும் வழக்கம் நல்லதன்று.

கோயிலில் கைங்கரியம் செய்வோரை எடுப்பதற்கும் இதே மரியாதை பொருந்தும். கோயிலுக்குள் என்றால் நிர்வாகத்தின் அனுமதி முதலில். அது கிடைக்காவிடில் வீதியில், வாகன மண்டபத்தின் வெளிப்புறத்தில், தேர் நிலையருகே எடுப்பது போதும். முடிச்சுப் போடும் முதியவரிடம் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார். எடுத்த படத்தில் ஒரு பிரதியை அவருக்குக் கொடுப்பது கடமை. கைபேசியில் காட்டிவிட்டுப் போவது போதாது. அச்சிட்டுக் கொடுக்க வேண்டும்.

அச்சிட்ட படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிவைப்பது நன்று; பேனா மை நாளடைவில் முன்புறம் கசியக்கூடும். ஊர், தேதி, படத்தில் இருப்பவர்களின் பெயர், எந்தக் கோயிலுக்குப் புறப்பட்ட வேளை என்ற நான்கும் இருந்தால் போதும். திதியும் நட்சத்திரமும் தெரிந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஐம்பது ஆண்டுகள் கழித்துத் தேதியைக் காட்டிலும், ‘பங்குனி உத்திரத்துக்கு முதல் நாள்’ என்ற வரியே வீட்டாருக்கு விரைவில் விளங்கும்.